சாபமும் நுளம்பும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் அதைப் பேசி உங்கள் பசியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் உங்களை 3,300 வருடங்களுக்கு முந்திய எகிப்துக்குக் கூட்டிப்போகிறேன். கடைசியில் இந்த மண்டபத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். பயப்பட வேண்டாம்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது இந்தப் பாடசாலையில்தான். மின்சாரம் இல்லாத காலம். குப்பி விளக்கில் படித்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கரி ஒட்டிய முகங்களோடு வகுப்புக்கு வருவோம். எங்கள் சரித்திர ரீச்சர் ஒரு நாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையையும் அதைத் திறந்தவர்களைப் பிடித்த சாபத்தையும் பற்றிச் சொன்னார். திறக்கப் பணம் கொடுத்த பிரபு சில மாதங்களிலேயே செத்துப் போனார், அவர் செத்த நேரம் கெய்ரோ நகரமே இருண்டு போனது, இங்கிலாந்தில் அவருடைய நாய் ஊளையிட்டுச் செத்தது என்று சொல்லச் சொல்ல நாங்கள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். கதை முடிந்ததும் ரீச்சர் கேட்டார்: “சரி, இதைக் கொப்பியில எழுத முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ. ஆர் சொன்னது? எப்ப சொன்னது? கண்டவரோ, கேட்டவரோ?”

பின்னாளில் மருத்துவ பீடத்தில் நோயாளியிடம் நோய் வரலாறு எடுப்பது எப்படி என்று ஒரு வருடமாகப் பழக்கினார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அதே மூன்று கேள்விகள்தான்.

அந்தக் கேள்விகளை இன்று துட்டன்காமனின் சாபத்திடமே கேட்டுப் பார்ப்போம்.

1922 நவம்பர் 4ஆம் திகதி, எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள அரசர் பள்ளத்தாக்கில், ஹாவார்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயரின் வேலையாட்கள் மண்ணுக்குள் ஒரு படிக்கட்டின் முதற் படியைக் கண்டார்கள். செலவைப் பொறுப்பேற்றிருந்தவர் கார்னர்வொன் பிரபு. அந்த மாத முடிவுக்குள் அவரும், அவருடைய 21 வயது மகள் ஏவ்லின் சீமாட்டியும், கார்ட்டரும் உள்ளே போய்விட்டார்கள். நான்கு சிறிய அறைகளுக்குள் 5,000க்கு மேற்பட்ட பொருட்கள். அவற்றைப் பதிந்து, பழுது பார்த்து வெளியே எடுக்கக் கார்ட்டருக்குப் பத்து வருடங்கள் பிடித்தன.

1923 ஏப்ரல் 5ஆம் திகதி கார்னர்வொன் பிரபு கெய்ரோவில் காலமானார். அது உண்மை. எப்படிக் காலமானார்? கன்னத்தில் ஒரு நுளம்பு கடித்தது. சவரம் செய்யும்போது அந்த இடத்தைச் சவரக்கத்தி கீறிவிட்டது. புண்ணில் கிருமி தொற்றி, அது இரத்தத்தில் பரவி, கடைசியில் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. வயது 56. பழைய மோட்டார் கார் விபத்து ஒன்றுக்குப் பிறகு அவருடைய உடல் எப்போதும் பலவீனமாகவே இருந்தது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் ஐந்து வருடங்கள் இருந்தன. இன்று எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தால் ஒரு கிழமை மருந்தோடு மாறியிருக்கக்கூடிய புண் அது.

அப்படியானால் சாபம் எங்கிருந்து வந்தது? கல்லறைச் செய்திகளை வெளியிடும் தனி உரிமையைக் கார்னர்வொன் பிரபு லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு விற்றிருந்தார். மற்றப் பத்திரிகையாளர்கள் வாசலில் வெயிலில் நின்றார்கள். எழுத அவர்களுக்குச் செய்தி இல்லை. பிரபு இறந்ததும் எழுத ஒன்று கிடைத்துவிட்டது. எகிப்தின் மிகப் பழைய சில கல்லறைகளில் எச்சரிக்கை வாசகங்கள் உண்டு. ஆனால் துட்டன்காமனின் கல்லறையில் சாபவாசகம் எதுவும் இல்லை. நாங்கள் 3,300 வருடப் பழைய கதை என்று நினைத்துப் பயந்தது உண்மையில் 1923ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கதை.

2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவுஸ்திரேலிய வைத்திய ஆய்வாளர் மார்க் நெல்சன் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். அக்காலத்தில் எகிப்தில் இருந்ததாகக் கார்ட்டர் குறிப்பிட்ட 44 மேலைநாட்டவர்களை எடுத்துக்கொண்டார். கல்லறையோ பெட்டிகளோ திறக்கப்பட்டபோது, அல்லது உடல் பரிசோதிக்கப்பட்டபோது அங்கு நின்றவர்கள் 25 பேர். அவர்கள் இறந்த சராசரி வயது 70. நிற்காதவர்களின் சராசரி வயது 75. இந்த வித்தியாசத்துக்குப் புள்ளிவிபர ரீதியாக எந்த அர்த்தமும் இல்லை. ஆயுளைக் கூட்டிய ஒரு காரணத்தை மட்டும் அவர் கண்டார்: பெண்ணாக இருப்பது! ஏவ்லின் சீமாட்டி 1980 வரை வாழ்ந்து 78 வயதில்தான் கண்ணை மூடினார். கார்ட்டர் 1939 வரை இருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு, “பாருங்கள், பாமர மக்கள் சாபத்தை நம்புகிறார்கள், வைத்தியர்கள் நாங்கள் உண்மையைக் காண்கிறோம்” என்று நான் முடித்தால் அது நேர்மை ஆகாது. எங்கள் தொழிலுக்கும் கட்டுக்கதைகள் உண்டு. மலேரியா என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று படித்த வைத்தியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். 1897இல் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் ஒரு நுளம்பின் வயிற்றை வெட்டி உருப்பெருக்கியில் பார்த்து, மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் காற்றின் மேல் விழுந்த பழி நீங்கியது.

அந்தப் பழி நீங்கியதன் பெறுமதி எங்கள் நாட்டுக்குத் தெரியும். எமது சங்கத்துக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1934இல் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. அந்த ஒரு தொற்றில் மட்டும் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும், ஆண்டு எட்டில் குளோரோகுயின் குளிசையின் கசப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் சோதனை எழுதினோம். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளி ஒருவரும் இல்லை என்ற நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. இன்று எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தக் கசப்புத் தெரியாது. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததால் கிடைத்த பலன் அது.

இப்போது மறுபடியும் கல்லறைக்குள் போவோம். சரியாக நூறு வருடங்களுக்கு முன்னர், எமது சங்கம் தொடங்கிய அதே 1925இல், நவம்பர் 11ஆம் திகதி துட்டன்காமனின் உடலைச் சுற்றியிருந்த துணிகளை அகற்றத் தொடங்கினார்கள். செய்தவர்கள் இரண்டு வைத்தியர்கள்: கெய்ரோவில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த டக்ளஸ் டெரி, மற்றவர் எகிப்தியரான சாலே பே ஹம்டி. எலும்பின் முனைகள் தண்டோடு எவ்வளவு பொருந்தியிருக்கின்றன என்று பார்த்து, இறந்தவருக்கு ஏறத்தாழ 18 வயது என்று சொன்னார்கள். எக்ஸ்ரே இல்லாமலே அவ்வளவு சரியாகச் சொன்னார்கள்.

ஆனால் அதே மேசையில் இன்னொன்றும் நடந்தது. அடக்கத்தின்போது ஊற்றிய வாசனைத் தைலங்கள் பிசினாக இறுகி, உடலைத் தங்கப் பெட்டியோடு ஒட்டிவிட்டிருந்தன. வெயிலில் வைத்தும் இளகவில்லை. கடைசியில் உடலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். அதை வெளியில் விபரமாகச் சொல்லவில்லை. 1968இல் லிவர்பூலிலிருந்து வந்த குழு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் மணல் தட்டில் துண்டுகளாக அடுக்கப்பட்டிருந்த அந்தப் பிள்ளையை உலகம் கண்டது. அதே எக்ஸ்ரேயில் மண்டைக்குள் ஒரு எலும்புத் துண்டு தெரிய, அடித்துக் கொன்றார்கள் என்று அடுத்த கதை பிறந்தது. 2005இல் எடுத்த சீ.ரி. ஸ்கான் அதையும் தள்ளிவிட்டது. அந்தத் துண்டு இறந்த பிறகு கழன்றது.

ஸ்கானில் வேறொன்று தெரிந்தது: இடது தொடை எலும்பில் முறிவு. 2010இல் மரபணுப் பரிசோதனை செய்தவர்கள், அவருடைய உடலில் மூளையைத் தாக்கக்கூடிய கடும் மலேரியாவின் கிருமி இருந்ததற்கான தடயத்தையும், பெற்றோர் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதையும் அறிவித்தார்கள். முறிந்த காலும் மலேரியாவும் சேர்ந்து உயிரைப் பறித்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒன்பது வயதளவில் அரசனாகி, பத்தொன்பதில் இறந்த ஒரு பொடியன். கல்லறையில் 130 அளவில் ஊன்றுகோல்கள். அவனுடைய பெட்டியின் மேல் யாரோ வைத்த சின்னப் பூமாலை காய்ந்தபடி கிடந்தது. உள்ளே கிடந்தவனையும், வெளியே வந்து கதவைத் திறந்த பிரபுவையும் நுளம்பு கடித்திருக்கிறது. நுளம்புக்குக் குடியானவன், பிரபு, அரசன் என்ற பேதம் கிடையாது.

அந்தக் கல்லறையில் பொன்னைவிட என்னைப் பிடித்து நிறுத்திய பொருள் ஒன்று உண்டு. உள்ளறையில் ஒரு சாதாரண மரப்பெட்டி. அதற்குள் இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு சிறிய பெட்டி, அதற்குள் ஒரு சிசு. 1932இல் டெரி அவற்றைப் பரிசோதித்தார். ஒன்று ஐந்தாறு மாதத்தில் போனது. மற்றது ஏழு மாதத்தைத் தாண்டியது. இரண்டும் பெண் பிள்ளைகள் என்றே பரிசோதித்தவர்கள் கருதினார்கள். பெரும்பாலும் துட்டன்காமனுக்கும் அவருடைய இளம் அரசி அங்கெசெனமுனுக்கும் பிறந்தவர்கள். அரசனின் பெயர் அந்தக் கல்லறையில் எத்தனையோ இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பிள்ளைகளின் பெயர் இல்லை. ஒசைரிஸ் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஒசைரிஸ் எகிப்தியரின் தெய்வம். சொந்தச் சகோதரனால் கொல்லப்பட்டவர். மனைவி ஐசிஸ் அவருடைய உடலைத் தேடிச் சேர்த்து மீட்டெடுத்தாள், அவர் மறு உலகுக்கு அரசரானார் என்பது அவர்களின் புராணம். ஆகவே இறந்த ஒவ்வொருவரையும் ஒசைரிஸ் என்று அழைப்பார்கள். அதாவது, நீயும் மீண்டும் எழும்புவாய் என்று பொருள். ஒரு மூச்சும் விடாத இரண்டு பிள்ளைகளையும் அந்த நம்பிக்கைக்குள் சேர்த்து, துணியால் சுற்றி, பொன் பூசி, தகப்பனோடு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இங்கே இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, யார் மேலாவது பழி போடும் சாபக் கதை. அது எகிப்தியருடையதே அல்ல. மற்றது, இழந்தவர்களைத் தேற்றும் கதை. அதுதான் எகிப்தியர் உண்மையில் எங்களுக்கு விட்டுப்போனது. கட்டுக்கதை என்று ஒரே சொல்லால் இரண்டையும் தூக்கி எறிய நான் இப்போது தயங்குகிறேன். தயங்க வைத்தவர் ஒரு நோயாளி. அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

மகப்பேற்று விடுதியில் நான் கடமை செய்த ஆரம்ப காலம். இருபத்து நாலு வயதுப் பெண். ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அது இரண்டாவது இழப்பு. காலையில் நான் கட்டிலடிக்குப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“நான் வாழ வந்த வீட்டுக்குச் சாபமாம் டொக்டர். மாமி சொல்லுறா.”

“சாபம் எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

“அப்ப என்ன டொக்டர்?”

என்னிடம் பதில் இல்லை. “பாப்பம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஒருவரிடமிருந்த விளக்கத்தைப் பறித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காமல் வந்துவிட்டேன். சாபம் என்றாலாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்தது.

அன்றிரவு ரீச்சரின் கேள்விகள் நினைவுக்கு வந்தன. மாமி சொன்னதை நான் கேட்டேன். அந்தப் பெண் கண்டதை, பட்டதை நான் கேட்கவேயில்லை. அடுத்த நாள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அரை மணித்தியாலம் சென்றது. முதல் பிள்ளை போன பிறகு தன் ஒரு கால் மட்டும் வீங்கி, ஒரு கிழமை நடக்க முடியாமல் கிடந்ததாகச் சொன்னார். அதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அதை முக்கியமாக நினைக்கவில்லை.

அந்தக் கால் வீக்கம்தான் வழிகாட்டியது. என் நிபுணரிடம் சொன்னேன். பரிசோதனை செய்தோம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்து உறுதிப்படுத்தினோம். இரத்தம் தேவைக்கு மேல் உறையும் தன்மை அவருக்கு இருந்தது. அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று அதற்குப் பெயர். நச்சுக்கொடியின் இரத்த ஓட்டம் கெட்டு, பிள்ளைக்குப் போகவேண்டியது போகாமல் விடும். அஸ்பிரின் குளிசையும், தினமும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து மூன்றாவது கர்ப்பத்தைக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை பிறந்தாள். முதலில் கையில் வாங்கியவர் அந்த மாமிதான். அவவும் கெட்டவ இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகளை இழந்த துக்கத்தில் ஒரு காரணத்தைத் தேடியவ.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தாய் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “இவளுக்கு முதல் இருந்த ரெண்டு பேருக்கும் நான் பேர் வச்சிருக்கிறன் டொக்டர். ஒருத்தரிட்டயும் சொல்லயில்லை.” அந்த இரண்டு பெயர்களையும் எனக்குச் சொன்னார். நான் கேட்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் என் தொழிலில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அதையும் ஒன்றாக வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து, பிள்ளையை இழந்த எந்தத் தாயிடமும், பெயர் ஏதும் நினைத்திருந்தீர்களா என்று கேட்காமல் நான் எழுந்து போவதில்லை.

எகிப்தியர் பெயரை உயிரின் ஒரு பகுதியாகவே நினைத்தார்கள். வழியால் போகிறவர்களே, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கல்லில் எழுதி வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். துட்டன்காமனுக்குப் பின் வந்த ஹோரெம்ஹெப் அரசன் அவருடைய சின்னங்களில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். அபிதோஸ் கோயில் சுவரில் உள்ள அரசர் வரிசையிலும் துட்டன்காமனின் பெயர் இல்லை. பிறகு ஆறாம் ராம்சேசின் கல்லறையைத் தோண்டியவர்களின் குடிசைகள் அவருடைய வாசலுக்கு மேலேயே எழும்பின. மறந்தார்கள். மறந்ததால்தான் பெரிய கொள்ளை நடக்காமல் அந்தக் கல்லறை தப்பியது. இன்று எங்கள் ஆண்டு ஆறுப் பிள்ளைக்கும் அவருடைய பெயர் தெரியும். அரசனுக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது, சொன்னபடி, இந்த மண்டபத்துக்கு வந்துவிட்டோம்.

இந்த நூற்றாண்டு மலருக்காக மலர்க் குழுவினர் பழைய படங்களைச் சேர்த்தபோது நானும் இரண்டு நாள் கூட இருந்தேன். எங்கள் பாடசாலையின் பதிவேடுகளில் எவ்வளவு இடப்பெயர்வுகளில் தொலைந்தது என்று உங்களுக்குத் தெரியும். மிஞ்சிய குழுப் படங்களில் கதிரையில் இருக்கும் அதிபருக்கும் ஆசிரியைகளுக்கும் பெயர் இருக்கிறது. வலைப்பந்துக் கிண்ணம் பிடித்திருக்கும் தலைவிக்குப் பெயர் இருக்கிறது. பின் வரிசையில் வாங்கில் ஏறி நிற்கும் இரட்டைப் பின்னல்காரிகளுக்குப் பெயர் இல்லை. அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறீர்கள். சிலர் இல்லை. எப்படி இல்லாமற் போனார்கள் என்பதை அவரவர் வகுப்புத் தோழிகள் மட்டும் அறிவார்கள்.

தொல்பொருளியலாளர் 3,300 வருடங்களுக்குப் பிறகு ஒரு பெயருக்காக மண் கிண்டுகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மலர் கைக்கு வந்ததும் அந்தப் படங்களைப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் காட்டுங்கள். அடையாளம் தெரிந்தால் எந்த ஆண்டு, எந்த வரிசை, இடமிருந்து எத்தனையாவது, பெயர் என்ன என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நீங்களே கண்டதா, ஆரும் சொல்லிக் கேட்டதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் சரித்திர ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.